ரெக்கார்டரில் எந்த மோடு? பட்டனைத் தொடும் முன் ஒரு கேள்வி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் ஆறு மாதத்தில் பாட்டு கேட்பார்கள், படம் பார்ப்பார்கள், போட்டோக்களைப் போல்டர் போல்டராக அடுக்கி வைப்பார்கள். அடுத்து ஒரு ஆசை வரும். நாமே ஏதாவது பதிவு செய்து பார்க்கலாமே என்று தோன்றும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இந்த ஆசையை நான் நிறையவே பார்க்கிறேன். ஷிப்ட் முடிந்து வரும் இளைஞர்கள் அறையில் கிடாரும் கீபோர்டும் வைத்திருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்குத் தவில், நாகஸ்வரம் வாசிப்பவர்கள் தங்கள் வாசிப்பை சிடி தரத்தில் கேட்க விரும்புகிறார்கள். பாட்டியின் குரலைப் பிடித்து வைக்க வேண்டும் என்று நினைக்கும் பேரன்களும் இருக்கிறார்கள்.

போனில் பதிவு செய்து பார்த்துத் திருப்தி இல்லாமல், கையடக்க டிஜிட்டல் மல்டிட்ராக் ரெக்கார்டர் ஒன்றை வாங்குகிறார்கள், அல்லது இரவல் கேட்கிறார்கள். ஆன் செய்தவுடன் திரையில் மோடு என்று ஒரு மெனு வருகிறது. ஸ்டீரியோ, 4 சேனல், மல்டிட்ராக் என்று வரிசையாக இருக்கும். இதில் எதை வைப்பது? விவரம் தெரிந்தவரைக் கேட்டால், "மல்டிட்ராக்கில் வை, அதற்குத்தானே இவ்வளவு பணம் கொடுத்தாய்" என்பார்.

இந்தப் பதில் பெரும்பாலானவர்களுக்குத் தவறான பதில் என்பது என் கருத்து. அது வெறும் வசதிக் குறைவு இல்லை, திரும்பப் பெற முடியாத இழப்பில் கொண்டுபோய் விடக்கூடியது. ஏன் என்று சொல்கிறேன்.

ஒன்பது நிமிடம்:

என் பெரியம்மா ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தவர். நடவு நடும் பெண்களில் பாட்டை முதலில் எடுத்துக் கொடுப்பது அவர்தான். அவர் நட்ட வயல்களில் பெரும்பாலானவை இப்போது காம்பவுண்டு சுவருக்குள் இருக்கின்றன. 2011ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய ரெக்கார்டருடன் போய் அவரைப் பாட வைத்தேன். 31 நிமிடம் பாடினார். முதல் பாட்டே ஊரின் கழனிகளைப் பெயர் சொல்லி அழைக்கும் பாட்டு. எந்தக் கழனிக்கு எந்தப் பக்கம் மடை, எது மேட்டு நிலம், எதில் சேறு அதிகம் என்று வரிசையாக வரும்.

அடுத்த ஞாயிறு, அவருடைய தோழியையும் உட்கார வைத்து இன்னும் சில பாட்டுகளைப் பதிவு செய்யலாம் என்று மறுபடி போனேன். ரெக்கார்டர் மல்டிட்ராக் மோடில் இருந்தது. அதே பிராஜக்ட், அதே முதல் டிராக், கவுண்ட்டர் பூஜ்யத்தில் நின்றது. பதிவு முறை ஓவர்ரைட். நான் எதையும் பார்க்கவில்லை. சிவப்பு பட்டனை அழுத்தினேன். மைக் எங்கே வைப்பது, பேன் சத்தம் வருகிறதா, தோழி எப்போது வருவார் என்றெல்லாம் பேசிக்கொண்டே ஒன்பது நிமிடம் ஓடியது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது. முதல் ஒன்பது நிமிடம் எங்கள் பேச்சு. அது முடிந்ததும் நான்காவது பாட்டு நடுவில் தொடங்குகிறது. மூன்று பாட்டுகள் போய்விட்டன. கழனிப் பாட்டும் அதில் ஒன்று.

மூன்றாம் முறை போய்க் கேட்டேன். "அது இன்னாத்துக்குடா திரும்பத் திரும்ப?" என்று சிரித்தார். பாடியும் பார்த்தார். நாலு கழனிக்கு மேல் வரிசை நிற்கவில்லை. நாற்று கையில் இருந்தால்தான் வரும் என்றார். 2013ல் காலமாகிவிட்டார்.

எந்த ரெக்கார்டர் என்று கேட்காதீர்கள். தவறு கருவியுடையது இல்லை, என்னுடையது. மெனுவில் இருந்த ஒரு வரியை நான் படிக்கவில்லை. நீங்கள் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மோடு என்றால் என்ன?

உதாரணமாக, 2009ல் வந்து உலகம் முழுவதும் நிறைய விற்ற ஜூம் எச்4என் ரெக்கார்டரை எடுத்துக்கொள்வோம். மற்ற கருவிகளில் பெயர்கள் மாறலாம், விஷயம் ஒன்றுதான்.

ஸ்டீரியோ மோடில் இடது, வலது என இரண்டு சேனல்கள் சேர்ந்து ஒரே பைலாகப் பதிவாகும். பட்டனை அழுத்தும் ஒவ்வொரு முறையும் புதிய பைல் உருவாகும். பழைய பைல் இருந்த இடத்திலேயே இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

4 சேனல் மோடில் கருவியின் தலையில் உள்ள இரண்டு மைக்குகளும், கீழே கேபிள் மூலம் இணைக்கும் இரண்டு வெளி மைக்குகளும் ஒரே நேரத்தில் பதிவாகும். இரண்டு ஸ்டீரியோ பைல்கள் ஜோடியாகக் கிடைக்கும்.

மல்டிட்ராக் மோடு என்பது வேறு வகை. இதில் பிராஜக்ட் என்று ஒன்றைத் திறக்கிறீர்கள். அதற்குள் நான்கு டிராக்குகள் உண்டு. முதல் டிராக்கில் கிடார் வாசித்துப் பதிவு செய்கிறீர்கள். அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இரண்டாவது டிராக்கில் பாடுகிறீர்கள். மூன்றாவதில் தாளம். ஒரே ஆள் நான்கு பேர் வேலையைச் செய்யலாம். எச்4என் கருவியில் ஒரே நேரத்தில் இரண்டு டிராக்குகளில்தான் பதிவு செய்ய முடியும், நான்கையும் சேர்த்துக் கேட்க முடியும். பலரும் நான்கு மைக் வைத்து நான்கு டிராக்கில் ஒரேயடியாகப் பதிவு செய்யலாம் என்று நினைத்து இந்த மோடுக்குப் போய் ஏமாறுகிறார்கள். அதற்கு உரியது 4 சேனல் மோடு.

இவை தவிர ஸ்டாமினா என்று ஒன்று உண்டு. இது மெனுவில் இல்லை, பேட்டரி போடும் இடத்தில் ஒரு சிறிய ஸ்விட்ச்சாக இருக்கும். மல்டிட்ராக் போன்ற வசதிகளை நிறுத்திவிட்டு, பேட்டரி அதிக நேரம் வரும்படி செய்யும். சாதாரணமாக 6 மணி நேரம், ஸ்டாமினாவில் 11 மணி நேரம் என்பது நிறுவனம் தரும் கணக்கு. விடிய விடிய நடக்கும் கூத்துக்கு இந்த வித்தியாசம் பெரிது.

ஓவர்ரைட் எங்கிருந்து வந்தது?

பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதும் இந்த வழக்கம் டேப் காலத்து மிச்சம். 1979ல் டாஸ்காம் நிறுவனம் போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற கருவியைக் கொண்டு வந்தது. சாதாரண கேசட்டில் நான்கு டிராக் பதிவு செய்யலாம். அதுவரை பெரும்பாலும் ஸ்டுடியோவுக்குள் இருந்த வித்தை வீட்டு மேஜைக்கு வந்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982ல் வெளியிட்ட நெப்ராஸ்கா ஆல்பம் அந்தக் கருவியில் வீட்டில் பதிவு செய்யப்பட்டதுதான். நம் ஊரில் ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டிலேயே பஞ்சதன் ஸ்டுடியோவை அமைத்தது 1989ல். 1992ல் ரோஜா வந்தது. வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு டிராக்காக இசையைக் கட்டலாம் என்று நம் இளைஞர்கள் நம்பத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

டேப்பில் ஒரு டிராக் என்பது ஒரு நீளமான பட்டை. அதில் இரண்டாம் முறை பதிவு செய்தால் பழையது அழிந்துதான் ஆக வேண்டும். வேறு வழி கிடையாது. டேப் விலை அதிகம் என்பதால் அதுவே சிக்கனமாகவும் இருந்தது. டிஜிட்டல் ரெக்கார்டர்கள் வந்தபோது, டேப்பில் பழகியவர்களுக்கு வசதியாக அதே நடைமுறையை வைத்தார்கள். பாடகர் ஒரு வரியைத் தப்பாகப் பாடினால் அந்த வரியை மட்டும் திரும்பப் பாடி மேலே எழுதலாம். இதற்குப் பஞ்ச் இன் என்று பெயர். நல்ல வசதிதான், மறுக்கவில்லை.

ஆனால் இன்று 32 ஜி.பி. மெமரி கார்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சிடி தரத்தில் ஒரு நிமிட ஸ்டீரியோ பதிவு சுமார் 10 எம்.பி. இடத்தை எடுக்கும். அப்படியானால் அந்தக் கார்டில் ஏறக்குறைய 50 மணி நேரம் பதிவு செய்யலாம். இடத்தை மிச்சம் பிடிக்கப் பழையதை அழிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவசியம் போன பிறகும் பழக்கம் மட்டும் மெனுவில் உட்கார்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் கம்ப்யூட்டர் பயன்படுத்துபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வித்தியாசம் உண்டு. பைலை டெலிட் செய்வது வேறு, ஓவர்ரைட் செய்வது வேறு. கார்டில் ஒரு பைலை டெலிட் செய்தால், அந்த இடம் காலி என்று அட்டவணையில் குறிப்பு மட்டுமே மாறுகிறது. ஒலித் தகவல் அங்கேயேதான் இருக்கும். அதன் மேல் வேறு எதையும் எழுதாமல் உடனே கார்டை எடுத்து, போட்டோரெக் போன்ற இலவச புரோகிராம் ஒன்றை இயக்கினால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஓவர்ரைட் செய்து பழைய தகவல் இருந்த இடத்திலேயே புதிய தகவல் எழுதப்பட்டுவிட்டால் எந்த புரோகிராமும் உதவாது. என் ஒன்பது நிமிடத்துக்கு எத்தனை பேரிடம் எடுத்துக்கொண்டு அலைந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

எனவே என் விதி:

பட்டனைத் தொடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இது கெட்டுப் போனால் மறுபடி கிடைக்குமா?

கிடைக்கும் என்றால் மல்டிட்ராக் மோடுக்குப் போங்கள். நீங்கள் எழுதிய பாட்டு, நண்பர்களுடன் பழகிய இசை, குழந்தையின் கீபோர்டு பயிற்சி எல்லாம் நாளைக்கும் வாசிக்கக்கூடியவை. தாராளமாக டிராக் டிராக்காக விளையாடுங்கள். பஞ்ச் இன் செய்யுங்கள். ஆனாலும் மெனுவில் ரெக் மோடு என்ற இடத்துக்குப் போய், ஓவர்ரைட் என்பதை ஆல்வேஸ் நியூ என்று மாற்றி வையுங்கள். அதன்பின் ஒவ்வொரு பதிவும் தனி பைலாக நிற்கும். பிடித்ததை டிராக்கில் வைத்துக்கொண்டு மற்றதைப் பிறகு அழித்துக்கொள்ளலாம். உங்கள் கருவியில் இந்த வசதி இல்லையென்றால், ஒவ்வொரு புதிய முயற்சிக்கும் புதிய பிராஜக்ட் திறப்பதைப் பழக்கமாக்குங்கள்.

மறுபடி கிடைக்காது என்றால் ஸ்டீரியோ மோடு. பாட்டியின் பாட்டு, தாத்தாவின் பேச்சு, கோயில் புறப்பாடு, கல்யாண வீட்டு நலங்கு, ஒப்பாரி, எதுவானாலும் சரி. ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாள் கோயில் இருக்கிறது. 1017ல் ராமானுஜர் பிறந்த ஊர். 2017ல் ஆயிரமாவது ஆண்டு கொண்டாடினார்கள். அந்த விழாவின் பிரபந்த கோஷ்டியை இனி ஒருமுறை கேட்க யாராலும் முடியாது. அதே பெரியவர்கள், அதே நாள், அதே கூட்டம் சேராது. இப்படிப்பட்ட இடத்தில் மல்டிட்ராக் என்பது ஆபத்தை விலைக்கு வாங்குவது.

குழுவாக நடக்கும் நிகழ்ச்சிக்கு மட்டும் 4 சேனல் மோடைச் சொல்வேன். காஞ்சிபுரம் பக்கத்துக் கட்டைக்கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை, தாளம் எல்லாம் ஒரு பக்கம், ஆடிக்கொண்டே பாடும் நடிகர்கள் ஒரு பக்கம். கருவியின் சொந்த மைக் மொத்த அரங்கத்தையும் பிடிக்கட்டும். வெளி மைக் ஒன்று பாட்டுக்காரர் பக்கமும், மற்றொன்று இசைக்காரர் பக்கமும் இருக்கட்டும். பிறகு கம்ப்யூட்டரில் ஒலியளவைச் சரி செய்யலாம். ஒரு மைக் கேபிள் நடுவில் கழன்றாலும் சொந்த மைக்கின் பதிவு கையில் இருக்கும்.

எதிர்வாதங்கள்:

இப்படிச் சொன்னால் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். ஸ்டீரியோவில் எல்லாம் கலந்து விடுகிறதே, தவில் சத்தத்தைத் தனியாகக் குறைக்க முடியாதே என்பார்கள். உண்மைதான். கலந்ததைப் பிரிப்பது கஷ்டம். ஆனால் ஸ்டீரியோ பதிவில் தவில் கொஞ்சம் தூக்கலாக இருக்கலாமே தவிர, பதிவு இருக்கும். குறை உள்ள பதிவா, குறையே இல்லாத வெற்றுக் கார்டா என்றால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். மைக்கை இரண்டடி தள்ளி வைத்தாலே பாதிக் கலப்புப் பிரச்னை தீர்ந்துவிடும்.

ஸ்டீரியோவில் பதிவு செய்துவிட்டால் பின்னால் எதையும் சேர்க்க முடியாதே என்பது இன்னொரு வாதம். இது சரியில்லை. அந்த ஸ்டீரியோ பைலைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்து ஆடாசிட்டி போன்ற இலவச புரோகிராமில் திறந்தால் அதுவே ஒரு டிராக். அதற்குக் கீழே எத்தனை டிராக் வேண்டுமானாலும் சேர்க்கலாம். பாட்டியின் பாட்டுக்குப் பேரன் உறுமி வாசிக்கலாம். மூல பைல் அப்படியே இருக்கும். அதாவது ஸ்டீரியோவில் ஆரம்பித்தவர் எப்போது வேண்டுமானாலும் மல்டிட்ராக்குக்குப் போகலாம். மல்டிட்ராக்கில் அழித்தவர் திரும்ப வர முடியாது.

இரண்டு போன்களை இரண்டு இடத்தில் வைத்து எடுத்துக் கம்ப்யூட்டரில் சேர்த்தால் போதாதா என்றும் கேட்கிறார்கள். மூன்று நிமிடப் பாட்டுக்குப் போதும். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்குச் சரிப்படாது. ஒவ்வொரு கருவியின் உள் கடிகாரமும் கொஞ்சம் வேறுபடும். பத்து லட்சத்துக்கு 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லி செகண்ட் விலகிவிடும். கைத்தட்டல் இரட்டையாகக் கேட்கும். ஒரே ரெக்கார்டரின் 4 சேனலில் எல்லாம் ஒரே கடிகாரத்தில் ஓடுவதால் இந்தத் தொல்லை இல்லை.

மோடு முடிந்தது, இனி செட்டிங்:

பைல் வகை கேட்டால் வேவ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். எம்பி3 வேண்டாம். எம்பி3 என்பது காது கவனிக்காது என்று கருதும் தகவலைத் தூக்கி எறிந்து பைலைச் சிறிதாக்கும் முறை. எறிந்ததைத் திரும்ப எடுக்க முடியாது. வேவில் பதிவு செய்துவிட்டு, நண்பருக்கு அனுப்ப ஒரு எம்பி3 நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாம்பிள் ரேட் 44.1 அல்லது 48 கிலோ ஹெர்ட்ஸ் போதும். மனிதக் காது அதிகபட்சம் சுமார் 20 கிலோ ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். அதைப் பதிவு செய்ய அதைப்போல் இரு மடங்குக்குக் கொஞ்சம் மேல் இருந்தால் போதுமானது. வீடியோவுடன் சேர்ப்பதாக இருந்தால் 48 வையுங்கள். 96 வைத்தால் கார்டு வேகமாக நிறையும், பேச்சுக்கும் பாட்டுக்கும் அதனால் வீட்டில் பெரிய லாபம் இல்லை. இன்னொன்று, எச்4என் போன்ற கருவிகளில் 96 என்பது ஸ்டீரியோ மோடில் மட்டுமே கிடைக்கும். மற்ற மோடுகளில் ஏன் காணவில்லை என்று குழம்ப வேண்டாம்.

பிட் அளவில் 24 கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்கவும். 16 பிட்டில் மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். 24 பிட்டில் கணக்குப்படி 144. இதனால் ஒலியளவைக் கொஞ்சம் தாழ்வாகவே வைத்துப் பதிவு செய்யலாம், பின்னால் உயர்த்தினாலும் இரைச்சல் பெரிதாகத் தெரியாது. 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜி.பி. ஆகும். 4 சேனல் என்றால் 2 ஜி.பி.

ரெக்கார்டிங் லெவலை நீங்களே வையுங்கள். மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் தொட்டுத் திரும்பினால் சரி. பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி முனை மழுங்கி உடையும், அதைச் சரி செய்ய முடியாது. ஆட்டோ லெவல் வசதியை நிறுத்தி விடுங்கள். பாட்டி மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் அது தானாக ஒலியை ஏற்றி, பேன் சத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டும். 2019ல் வந்த ஜூம் எப்6 முதல் 32 பிட் ப்ளோட் என்ற முறை சிறிய ரெக்கார்டர்களுக்கும் வரத் தொடங்கியது. அதில் லெவல் தப்பினாலும் பெரும்பாலும் பின்னால் சரி செய்யலாம். ஆனால் அதுவும் ஓவர்ரைட்டில் இருந்து உங்களைக் காப்பாற்றாது.

நம் பகுதிக்கென்று சில யோசனைகள். சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையிலும் ஒரகடம் சிங்கப்பெருமாள்கோவில் சாலையிலும் கண்டெய்னர் லாரி இல்லாத நேரம் குறைவு. லாரியின் உறுமல் பெரும்பாலும் அடி ஸ்தாயி. லோ கட் என்ற பில்டரை 80 ஹெர்ட்ஸ் அளவில் வைத்தால் பேச்சுக்கும் பெண் குரலுக்கும் பாதிப்பில்லாமல் உறுமல் குறையும். தவில், பறை, மிருதங்கம் பதிவு செய்யும்போது இதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் வாத்தியத்தின் கனமும் சேர்ந்து போய்விடும். சார்ஜரில் செருகிப் பதிவு செய்தால் 50 ஹெர்ட்ஸ் மின்சார ரீங்காரம் ஏற வாய்ப்பு உண்டு. பேட்டரியில் இயக்குங்கள், மாற்று பேட்டரி ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். ஷிப்ட் பஸ்கள் ஓடும் நேரத்தைத் தவிர்த்து நேரம் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு எந்த செட்டிங்கும் தேவையில்லை.

கம்ப்யூட்டருக்கு வந்த பிறகு:

பதிவு முடிந்ததும் எஸ்டி கார்டின் ஓரத்தில் இருக்கும் சிறிய பூட்டைக் கீழே தள்ளுங்கள். இப்போது ரெக்கார்டர் அதில் எதையும் எழுதாது. இந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டை நான் தள்ளியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் கார்டை ரீடரில் செருகி எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யுங்கள். கட் செய்து பேஸ்ட் செய்ய வேண்டாம். நடுவில் மின்சாரம் போனால் சிக்கல். கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, வெளி ஹார்டு டிஸ்க்கில் அல்லது பென் டிரைவில் ஒரு பிரதி ஆன பிறகே கார்டை அழிக்கலாம். பைலுக்குத் தேதி, ஊர், யார், என்ன என்று பெயர் வையுங்கள். ரெக்கார்டர் தரும் எண் பெயரை மட்டும் வைத்திருந்தால் இரண்டு வருடம் கழித்து உங்களுக்கே அடையாளம் தெரியாது.

ஆடாசிட்டி பயன்படுத்துபவர்கள் அதிலும் பதிவு முறை உண்டு என்பதைக் கவனிக்கவும். 3ஆம் பதிப்புகளில் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினால் புதிய ஒலி இருக்கும் டிராக்கின் முடிவில் போய்ச் சேரும். ஷிப்ட் கீயுடன் சேர்த்து அழுத்தினால் புதிய டிராக் உருவாகும். எடிட் மெனுவில் பிரிபரன்சஸ் சென்று, ரெக்கார்டிங் பகுதியில் புதிய டிராக்கில் பதிவு செய்யும் வாய்ப்பில் டிக் அடித்துவிட்டால் எப்போதும் அப்படியே நடக்கும். முன்பு பதிவானதைக் கேட்டுக்கொண்டே பாட வேண்டுமானால் ஓவர்டப் என்ற வரியிலும் டிக் இருக்க வேண்டும். ஹெட்போன் கட்டாயம், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் ஒலியும் மைக்கில் ஏறும். பிராஜக்டை சேவ் செய்வதோடு நிறுத்தாமல், எக்ஸ்போர்ட் செய்து வேவ் பைலாகவும் எடுத்து வைக்கவும். பிராஜக்ட் பைலை ஆடாசிட்டிதான் திறக்கும். வேவ் பைலை எதுவும் திறக்கும்.

யார் மாற வேண்டும்?

பயன்படுத்துபவர் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்வது சுலபம். நானும் மேலே அதைத்தான் சொன்னேன். ஆனால் கவனக்குறைவு என்பது மனித இயல்பு. கருவி செய்பவர்கள் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். எந்த ரெக்கார்டராக இருந்தாலும் பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஆல்வேஸ் நியூ என்ற நிலையில்தான் இருக்க வேண்டும். ஓவர்ரைட் வேண்டும் என்பவர் தேடிப் போய் மாற்றிக்கொள்ளட்டும். அவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்கும். பழையதன் மேல் எழுதப்போகிறேன், சரியா என்று திரையில் ஒரு கேள்வி வந்தாலே பாதி விபத்துகள் நடக்காது. விண்டோஸில் அதே பெயரில் பைல் இருந்தால் மாற்றவா என்று கேட்கிறதே, அந்த மரியாதையைத்தான் கேட்கிறேன்.

நம் பகுதி இளைஞர்களுக்கு இதைப் புரியவைப்பது கடினமில்லை. ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவரைக் கேளுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் எண் உண்டு. நேற்று செய்த பாகத்தின் விவரத்தை அழித்து அதே இடத்தில் இன்று செய்ததை எழுதினால் சூப்பர்வைசர் சும்மா விடுவாரா? 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2006ல் நோக்கியா தொழிற்சாலை வந்தது, 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ நிசான் தொழிற்சாலை திறந்தது. எந்தத் தொழிற்சாலை எப்போது வந்தது, எது எப்போது போனது என்பதெல்லாம் தேதியோடு எழுதப்பட்டிருக்கிறது. அந்த நிலத்தில் முன்பு என்ன பெயர் சொல்லி எந்தக் கழனியை அழைத்தார்கள் என்பது சில கிழவிகளின் தொண்டையில் மட்டும்தான் இருக்கிறது. அதற்கு இரண்டாவது பிரதி கிடையாது.

என்னிடம் அந்த 31 நிமிடத்தில் 22 நிமிடம் இருக்கிறது. மூன்று இடங்களில் பிரதி வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் இருக்கும் ஒன்பது நிமிடப் பேச்சையும் நான் வெட்டவில்லை. அதில் ஓரிடத்தில் பெரியம்மா, "இப்ப இது ஓடுதாடா?" என்று கேட்கிறார். "ஓடுது பெரியம்மா, நீங்க பேசுங்க" என்கிறேன்.

இந்த வாரம் உங்கள் ரெக்கார்டரை எடுத்து, மெனுவுக்குள் சென்று, ரெக் மோடு என்ன என்று ஒருமுறை பாருங்கள். ஓவர்ரைட் என்று இருந்தால் மாற்றுங்கள். இரண்டு நிமிட வேலைதான். அதன் பிறகு பாட்டியைப் பார்க்கப் போங்கள்.